லோரி வராத இன்ஸ்பெக்‌ஷன்

கணவனோடு ஒரே அறையில் இருக்க வேண்டும் என்று இந்த வயதில் ஒருத்தி ஏங்குவாள் என்று யாராவது என்னிடம் முன்பே சொல்லியிருந்தால், போய் வேறு வேலை இருந்தால் பார் என்று விரட்டியிருப்பேன். எனக்கும் ஒரு கணவர் இருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் குறட்டை விட்டே என் பாதி ஆயுளைத் தின்றவர். அவர் காலமான பிறகுதான் கட்டிலின் நடுவில் கைகாலை நீட்டிப் படுப்பது எவ்வளவு சுகம் என்று கண்டுகொண்டேன். அந்தச் சுகத்தில் நான் இருந்தபோதுதான் லூசியைக் கொண்டுவந்து என் பக்கத்துக் கட்டிலில் விட்டார்கள்.

கிள்ளானில் ஒரு பழைய மாடி பங்களாதான் எங்கள் பூங்காற்று முதியோர் இல்லம். நான் சந்திரகலா. பிரிக்பீல்ட்ஸில் ஒரே சேலைக் கடையில் தலை நரைக்கும்வரை நின்று வேலை பார்த்தவள். ஒருவர் உடுத்தியிருக்கும் துணியைப் பார்த்தே அவர் எவ்வளவு பேரம் பேசுவார் என்று சொல்லிவிடுவேன். லூசி வந்த அன்று கட்டியிருந்தது கஞ்சி போட்ட வாயில் பருத்திச் சேலை, தோளில் ஒரே சீராக மடிப்பு. இவள் பேரமே பேசமாட்டாள், கொடுத்ததை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போகிற ரகம் என்று அப்போதே நினைத்தேன்.

நினைத்தது சரியாகப் போயிற்று. லூசியும் அவள் கணவர் ரபேலும் சேர்ந்துதான் இல்லத்துக்கு வந்தார்கள். அவர் ரயில்வேயில் கார்டாக இருந்தவர், பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸிலேயே வாழ்ந்து ரிட்டையர் ஆனவர். ஒரே மகன் கால்வின் மெல்பர்னில் இருக்கிறான். எங்கள் இல்லத்து விளம்பரத்தில் ‘தம்பதியர் அறை’ என்று இரட்டைக் கட்டிலும் பூப்போட்ட திரையுமாக ஒரு படம் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் அம்மா அப்பாவை இங்கே சேர்த்துவிட்டு அவன் விமானம் ஏறினான். அவன் ஏறியதும் எங்கள் முதலாளி கமலநாதன் வந்து, “ரூம்ல பெயின்ட் வேலை நடக்குது அங்கிள், கொஞ்ச நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க லா” என்று சொல்லி, ரபேலைக் கீழே ஆண்கள் கூடத்திலும் லூசியை மாடியில் பெண்கள் பக்கத்திலும் போட்டுவிட்டார். முட்டிவலிக்காரியை மாடிக்கு ஏற்றிய அந்த மூளையை என்னவென்று சொல்வது! பெயின்ட் வேலை முடியவே இல்லை. ஆரம்பித்தால்தானே முடிய? கமலநாதனின் மனைவி கல்யாண அலங்காரத் தொழில் செய்கிறாள். தம்பதியர் அறையில் அவளுடைய பிளாஸ்டிக் பூ வளைவுகளும் குத்துவிளக்குகளும் சிவப்பு வெல்வெட் மணமக்கள் நாற்காலிகளும் குடியிருந்தன.

மாடிப்படியில் ஆண்கள் கால் வைக்கக் கூடாது என்பது இல்லத்துச் சட்டம். சாப்பாடும் ஆண்களுக்கு முதல் பந்தி, பெண்களுக்கு இரண்டாம் பந்தி. லூசி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கி வருவதற்குள் ரபேல் கை கழுவிவிட்டுப் போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் வரும் நேரத்தில் மட்டும் ஹாலில் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசலாம். கட்டிய மனைவியை விசிட்டர் மாதிரி பார்த்துவிட்டு, மணி அடித்ததும் அவர் எழுந்து போவார்.

விளக்கணைக்கும் முன்னால் ரபேல் பின்பக்கத் தோட்டத்துக்கு வந்து எங்கள் ஜன்னலுக்குக் கீழே நிற்பார். சட்டைப் பையிலிருந்து அந்தக் காலத்து கார்டு விசிலை எடுத்து நீளமாக ஒன்று ஊதுவார். எல்லாம் சரியாக இருக்கிறது, ரயில் கிளம்பலாம் என்று அர்த்தமாம். லூசி ஸ்பூனை எடுத்து ஜன்னல் கம்பியில் டிங் என்று தட்டுவாள். அப்புறம்தான் படுப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். “உங்க ரயில் எந்த ஊருக்குத்தான் போகுது? ஊரையே எழுப்பிவிட்டுட்டு!” என்று கத்துவேன். லூசி கோபித்துக்கொள்ளமாட்டாள். போர்வையை இழுத்துக்கொண்டு சிரிப்பாள், அவ்வளவுதான்.

இவர்களுடைய திருநாள் எது என்று கேட்டால் கிறிஸ்துமஸ் என்று சொல்வீர்கள். இல்லை. இன்ஸ்பெக்‌ஷன் நாள்.

அப்போதெல்லாம் முதியோர் இல்லத்தைப் பார்வையிட வருபவர்கள் முன்கூட்டியே நாள் குறித்து போன் செய்துவிட்டு வருவார்கள். போன் வந்ததும் எங்கள் இல்லத்துக்கு உயிர் வந்துவிடும். புதுப் படுக்கை விரிப்பு, ஹாலில் பூச்சாடி, சமையலறையில் நிஜமாகவே கோழி. கல்யாண லோரி வந்து நிற்கும், தம்பதியர் அறையின் சாமான்கள் எல்லாம் அதில் ஏறும், அதிகாரிகள் போகிறவரைக்கும் அந்த லோரி கிள்ளான் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். காலியான அறையில் கட்டிலைப் போட்டு, திரையைத் தொங்கவிட்டு, லூசியையும் ரபேலையும் உள்ளே உட்கார வைப்பார்கள். அதிகாரிகள் வந்து, “இங்க எப்படி இருக்கு ஆன்டி, சந்தோஷமா இருக்கீங்களா?” என்று கேட்பார்கள். லூசியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தலையில் பூ, நெற்றி வேர்வையில் பவுடர், கைக்கு எட்டும் தூரத்தில் புருஷன். “ரொம்ப ரொம்ப சந்தோஷம் மேடம்” என்பாள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்படி மனம் நிறைந்து சொல்கிற கிழவியைப் பார்த்துவிட்டு எந்த அதிகாரி குற்றம் எழுதுவார்? கமலநாதன் அந்த முகத்தை அப்படியே போட்டோ எடுத்துப் பெரிதாக்கி வாசலில் மாட்டிவிட்டார்.

அதிகாரிகள் எழுந்தால் லூசிக்கு உயிரே போகும். “இன்னும் ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க” என்று கையைப் பிடித்துக்கொள்வாள். டீ முடிந்தால் பிஸ்கட், பிஸ்கட் முடிந்தால் ரபேல் கார்டாகப் போன கூட்ஸ் வண்டி காட்டுப் பக்கம் யானைக்காக நின்ற கதை. பாசக்காரப் பாட்டி என்று அவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அவர்கள் ஏறிய காடி கேட்டைத் தாண்டிய மறு நிமிஷம் லோரி உள்ளே வரும் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு தடவை எனக்குப் பொறுக்க முடியாமல், “அடுத்த தடவை நான் எல்லாத்தையும் சொல்லிடப் போறேன் லூசி” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம் சந்திரா. சொன்னா அந்த ஒரு நாளும் போயிடும். அதோட, புருஷன்கூட இருக்கணும்னு கவர்மென்ட்காரங்ககிட்டயா போய்ச் சொல்றது? வெட்கக்கேடு! என் தலைமேல கைய வை, சொல்லமாட்டேன்னு.”

வைத்தேன். வைத்துவிட்டு அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. அவள்மேல் கோபமா, அந்தத் தலையைப் பார்த்து வந்த பரிதாபமா என்று எனக்கே தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் கமலநாதன் வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு எங்களை எல்லாம் ஹாலில் கூட்டினார். முதியோர் இல்லங்களைக் கண்காணிக்க அரசாங்கம் தனியாக ஓர் ஆணையம் அமைத்துவிட்டதாம். எந்த இலாகாவுக்கும் கீழே வராதாம். இல்லம் நடத்துகிறவர்கள் யாரும் அதில் உட்கார முடியாதாம்.

“இனிமே போன் எல்லாம் பண்ணமாட்டாங்களாம். நினைச்ச நேரத்துக்கு வருவாங்களாம்” என்றார். “யார் வந்தாலும் என்னைக் கேட்காம யாரும் வாயைத் திறக்கக் கூடாது, சரியா?”

பக்கத்து அறை இராஜம்மா கையைத் தூக்கினாள். “சொல்லாம வந்தா கோழிக்கு என்ன பண்ணுவீங்க பாஸ்?”

எல்லோரும் சிரித்தோம், லூசியைத் தவிர. அவள் மெல்லக் கேட்டாள், “அப்போ இன்ஸ்பெக்‌ஷன் நாளே கிடையாதா தம்பி?”

“நாளே கிடையாது ஆன்டி. என்னைக்கு வேணும்னாலும் வருவாங்க.”

அன்று ரபேல் விசில் ஊதினார். லூசி ஸ்பூனை எடுத்தவள் தட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதாள். அவர் கீழே காத்திருந்து பார்த்துவிட்டு மறுபடி ஊதினார். கடைசியில் நான்தான் அந்த ஸ்பூனைப் பிடுங்கிக் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினேன். என் தட்டில் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், நெடுநேரம் அங்கேயே நின்றார்.

ஆனால் விடிந்ததும் பார்த்தால் லூசியின் முகம் தெளிந்திருந்தது. கட்டிலில் ஒரு பையை வைத்து நைட்டி, பவுடர் டப்பா, ஜெபமாலை, ரபேலுக்கு விக்ஸ் என்று அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்கடி கிளம்பிட்டே?” என்றேன்.

“என்னைக்கு வேணும்னாலும் வருவாங்கன்னுதானே சொன்னாரு? அப்போ இன்னைக்கும் வரலாம்தானே? ரெடியா இருக்க வேணாமா?”

திருநாளை ரத்து செய்துவிட்டார்கள் என்று ஊரே நினைக்க, இவள் தினமும் திருநாளாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டுவிட்டாள். கீழே ரபேலுக்கும் சொல்லியனுப்பினாள். அன்றிலிருந்து அந்த மனிதர் தினமும் முகம் மழித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டில் எந்தச் சத்தம் கேட்டாலும் லூசி மாடியின் முன்பக்க ஜன்னலுக்கு விரைந்தாள். கேஸ் சிலிண்டர் போடுகிற சீனப் பையன் வந்த அன்று பையோடு பாதிப் படி இறங்கிவிட்டாள். மீட்டர் பார்க்க வந்தவனுக்குக் கீழேயிருந்து ரபேல் சல்யூட் அடித்தார். நான் இருவரையும் வாய்க்கு வந்தபடி கேலி செய்தேன். என்றாலும் மல்லிகைச் சரம் விற்கிற அக்கா கேட்டுக்கு வரும்போதெல்லாம், லூசிக்கும் ஒரு முழம் வாங்கி வைத்தது நான்தான்.

வந்தாள், ஒரு நாள் உண்மையான ஆள் வந்தாள்.

கமலநாதனும் அவர் மனைவியும் பந்திங்கில் ஒரு கல்யாணத்துக்கு மேடை போடப் போயிருந்தார்கள். லோரியும் அங்கேதான். சின்ன வெள்ளை மைவி கார் ஒன்று கேட்டில் நின்றது. இறங்கிய பெண்ணுக்கு நாற்பது இருக்கும். கைத்தறிச் சுடிதார், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி. நான் மாடியின் முன்பக்க ஜன்னலிலிருந்து பார்த்தேன். பேரம் பேசாதவள், ஆனால் முந்தானையைத் திருப்பிப் போட்டு உள்பக்க நூலைப் பார்த்துத்தான் வாங்குவாள் என்று தோன்றியது.

“நான் மலர்விழி. முதியோர் பராமரிப்பு ஆணையத்திலேருந்து வரேன்” என்று சொல்லி அட்டையைக் காட்டினாள்.

இல்லத்தைக் கவனித்துக்கொள்கிற ரமணிக்கு முகம் வெளுத்துவிட்டது. ரமணி கெட்டவள் இல்லை. முதலாளி கிழித்த கோட்டைத் தாண்டப் பயப்படுகிறவள், அவ்வளவுதான். “பாஸ் இல்லையே மேடம், நாளைக்கு வரீங்களா?” என்றாள்.

“அவர் இல்லாட்டி பரவாயில்ல. நான் இவங்களைத்தான் பார்க்க வந்தேன்.”

ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசினாள். நானும் இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? வீடு தேடி வந்தவளிடம் போய் வீட்டைக் குறை சொல்வார்களா? சாப்பாடு எப்படி என்றால் நல்ல சாப்பாடு. தூக்கம் எப்படி என்றால் நல்ல தூக்கம். இராஜம்மா மட்டும் உண்மையான வருத்தத்தோடு, “முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்குக் கோழி ஆக்கியிருப்பாங்களே, இப்போ பாருங்க, வெறும் சம்பாரும் கோஸும்தான் இருக்கு” என்றாள். மலர்விழி புன்னகைத்தாள். வாசலில் மாட்டியிருந்த லூசியின் போட்டோவைச் சற்று நேரம் பார்த்தாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைமேல் கை வைத்துத் தொலைத்திருக்கிறேனே!

அப்போதுதான் படிக்கட்டில் டக், டக் என்று சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினோம்.

லூசி பின்பக்கமாகத் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தாள். மெரூன் பட்டுச் சேலை, தலையில் நான் வாங்கிக் கொடுத்த மல்லிகை, ஒரு கையில் பை, கக்கத்தில் பூப்போட்ட தலைகாணி. கடைசிப் படியில் கால் வைத்ததும் மூச்சு வாங்க மலர்விழியைப் பார்த்துக் கும்பிட்டு, “வாங்கம்மா, வாங்க. எவ்வளவு நாளா உங்களை எதிர்பார்த்துட்டு இருக்கோம்!” என்றாள். அப்படியே நேராகத் தம்பதியர் அறை வாசலுக்குப் போனாள். அங்கே ரபேல் தன் தலைகாணியோடும் ஷேவிங் செட்டோடும் முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். இருவரும் புது வீட்டுக்குச் சாவி வாங்க வந்தவர்கள் மாதிரி அந்தப் பூட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

மலர்விழி எழுந்து போனாள். “எங்க கிளம்பிட்டீங்க ஆன்டி?”

“எங்கயும் இல்லம்மா. நீங்க வந்திருக்கீங்கள்ல? நீங்க வந்தா எங்களுக்கு இந்த ரூம்தானே!”

“மத்த நாள்ல?”

“மத்த நாள்ல நான் மேல, இவரு கீழ. நீங்க வர்ற நாள்ல எல்லாம் எங்களை சேர்த்து வெச்சுடுவாரு. கமலநாதன் தம்பி ரொம்ப நல்லவரு மேடம், ஒரு தடவைகூட மறந்ததில்ல.” பிறகு ரமணியைப் பார்த்து, கடமையை நினைவூட்டுகிற மாதிரி கேட்டாள். “ஏம்மா, லோரிய இன்னும் வரச் சொல்லலையா?”

“என்ன லோரி?” என்றாள் மலர்விழி.

“சாமான் ஏத்துற லோரிம்மா. நீங்க இருக்கிற வரைக்கும் அது ஊரைச் சுத்திட்டு வரும். பாவம், டிரைவருக்கு அன்னைக்கு முழுக்க சாப்பாடே இருக்காது.”

நான் வாயே திறக்கவில்லை, சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன். சத்தியம் வாங்கியவளே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டு, உடைத்தது தெரியாமல் மல்லிகையைச் சரிசெய்துகொண்டு நிற்கிறாள்! எனக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து பொங்கி வந்தது. அடக்கப் பார்த்தேன், கண்ணில் நீர்தான் வந்தது.

மலர்விழி ரமணியிடம் கையை நீட்டினாள். “சாவி.”

“பாஸை ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“பூட்டை உடைக்கவும் எனக்கு அதிகாரம் இருக்கு. சாவி கொடுத்தா எல்லாருக்கும் வேலை சுலபம்.”

ரமணி என்னைப் பார்த்தாள். “குடுத்துடு புள்ள, உனக்கும் புண்ணியமா போகும்” என்றேன். அவள் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தபோது, அவள் முகத்திலும் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன்.

கதவு திறந்ததும் பிளாஸ்டிக் பூ வளைவு ஒன்று சரிந்து ரபேலின் தோளில் விழுந்தது. உள்ளே கூரை வரைக்கும் சாமான். மலர்விழி எட்டிப் பார்த்துப் படம் எடுத்தாள். அதிர்ந்து பேசவில்லை. “விளம்பரத்துல காட்டுற ரூம் இதுதானா அங்கிள்?” என்று மட்டும் கேட்டாள். ரபேல் தலையை ஆட்டினார். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதவர், தோளில் கிடந்த பூ வளைவைத் தள்ளிவிட்டு, “இவளுக்கு முட்டி முடியலம்மா. படியில பின்பக்கமா இறங்குறா. என்னைக்காவது விழுந்துட்டா நான் பக்கத்துல இல்லையேன்னுதான் எனக்குப் பயம்” என்றார்.

மலர்விழி கைப்பையைத் தோளிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள். “இந்த ரூம் காலியாகி, இவங்க ரெண்டு பேரும் உள்ள போன பிறகுதான் நான் இங்கேயிருந்து கிளம்புவேன்” என்றாள்.

அவ்வளவுதான், எங்கள் இல்லத்துக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, தானாகவே வரிசை கட்டினோம். குத்துவிளக்கைத் தூக்க முடிந்தவர் தூக்கினார், முடியாதவர் அட்சதைத் தட்டையாவது எடுத்துக்கொண்டு நடந்தார். வாக்கர் வைத்து நடக்கிற பாலன் அங்கிள், வாக்கரிலேயே தோரணங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊர்வலம் வந்தார். இராஜம்மா லாலி பாட ஆரம்பித்தாள், சுருதி எங்கேயோ போயிற்று, யார் கவலைப்பட்டார்கள்? சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டையும் ஹால் நடுவில் போட்டதும் நான் லூசியைப் பிடித்து ஒன்றில் உட்கார வைத்தேன். இன்னொன்றில் ரபேலை. அவர்கள் தலைக்குமேல் பூ வளைவை நிறுத்தினோம். லூசி வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். ரபேல் மூடிக்கொள்ளவில்லை. நேராக உட்கார்ந்து, மனைவியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், எங்கள் எல்லோர் முன்னாலும்.

அந்த நேரம் பார்த்துத்தான் லோரி கேட்டுக்குள் நுழைந்தது. ரமணியின் போனைத் தாமதமாகப் பார்த்துவிட்டுப் பந்திங்கிலிருந்து பறந்து வந்திருக்கிறார் கமலநாதன். பட்டுச்சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. வாசலில் நின்று மணமேடையைப் பார்த்தார். மணமக்களைப் பார்த்தார். தான் ஒரு கல்யாணத்திலிருந்து வந்தோமா இன்னொரு கல்யாணத்துக்கு வந்தோமா என்று அவருக்கே குழம்பியிருக்கும்.

சமாளித்துக்கொண்டு மலர்விழியிடம் வந்தார். “மேடம், சின்ன விஷயம், பேசித் தீர்த்துக்கலாம். எனக்கு மேலிடத்துல ஆள் இருக்காங்க, ஒரு கால் போட்டா...”

“போடுங்க” என்றாள் அவள். “ஆனா நாங்க அவருக்குக் கீழ இல்ல. யாருக்கும் கீழ இல்ல. என் அறிக்கை நேரா ஆணையத்துக்குத்தான் போகும். அங்க போன் எடுத்து இதைப் பேச ஆளே கிடையாது.”

கமலநாதன் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். யாருக்கு அடிப்பது என்று தெரியாத மனிதனை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

இல்லத்தின் அனுமதி நீடிக்குமா என்று ஆணையம் முடிவு செய்யும் என்றும், அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் வருவேன், எப்போது என்று சொல்லமாட்டேன் என்றும் மலர்விழி சொன்னாள். பந்தி இரண்டாக இருப்பதையும் அவள் விடவில்லை. கமலநாதன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதே லோரியில் சாமான்கள் ஏறின. இந்தத் தடவை ஊரைச் சுற்றவில்லை, நேராக அவர் வீட்டுக்கே போயிற்று. அங்கே அவர் மனைவி என்ன சொன்னாள் என்று கேட்க எனக்கு இன்றைக்கும் ஆசைதான்.

அறையில் கட்டில் விரித்து, தலைகாணிகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாயிற்று. மலர்விழி கைப்பையை எடுத்தாள். உடனே லூசி எழுந்தாள். “இன்னும் ஒரு டீ குடிச்சிட்டுப் போங்கம்மா.” குடித்தாள். “ஒரு பிஸ்கட்.” தின்றாள். “இவரு கார்டா போன வண்டிக்கு முன்னால ஒரு நாள் யானை வந்து நின்னுச்சு, தெரியுமா?”

எனக்குத் தாங்கவில்லை. மலர்விழியிடம் சொன்னேன். “நீங்க போனா மறுபடி மாடிக்குப் போகணும்னு நினைக்கிறா. அதான் டீயாக் குடுத்து உங்களைப் பிடிச்சு வெக்கப் பாக்குறா.”

அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. லூசியின் கையைப் பிடித்து, “நான் போனாலும் நீங்க இங்கதான் ஆன்டி. நாளைக்கும் இங்கதான்” என்றாள். லூசி மரியாதைக்காகத் தலையாட்டினாள். நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். காடி போனபின் பார்த்தேன், பையைப் பிரிக்காமல் கட்டில் ஓரத்தில் அப்படியே வைத்திருந்தாள்.

அன்று மாடியில் நான் தனியாகப் படுத்தேன். விசில் இல்லை, ஸ்பூன் இல்லை. ஆசைப்பட்ட நிம்மதி கிடைத்துவிட்டது என்று கட்டிலின் நடுவில் கைகாலை நீட்டிப் படுத்தால், தூக்கம் வந்தால்தானே! அந்தப் பாழாய்ப்போன விசிலுக்காக என் காது காத்துக்கொண்டிருந்தது. சொல்வதற்கென்ன, லூசி இல்லாத அந்த அறை எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாளிலிருந்து சாயந்திரமானால் நானும் கீழே போய் அவர்கள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தேன். மூன்று பேருமாகச் சீட்டு ஆடுவோம். ரபேல் ஏமாற்றுவார். அப்போதும் அந்தப் பை ஓரத்தில்தான் இருக்கும். நைட்டியைக்கூட அதிலிருந்து எடுத்து உடுத்தி, துவைத்து, மடித்து, மறுபடி அதற்குள்ளேயே வைத்தாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இன்னும் காலைப் பசியாறக்கூட இல்லை, வெள்ளை மைவி வந்து நின்றது. ரமணி இந்தத் தடவை முகம் வெளுக்கவில்லை, சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தாள். கமலநாதன் உள்ளே இருந்தார். வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

மலர்விழி வாசலிலேயே நின்று பக்கத்திலிருந்த கொடியைப் பார்த்தாள். அங்கே துவைத்த துணிகளோடு லூசியின் பையும் தொங்கிக்கொண்டிருந்தது. உள்பக்கத்தை வெளியே இழுத்துவிட்டு, வாய் கீழே பார்க்க, காலி. அவள் என்னைப் பார்த்தாள்.

“முந்தாநாள்தான் துவைச்சுப் போட்டா” என்றேன்.

அவள் தம்பதியர் அறைக்குப் போய் மெல்லக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள்.

கமலநாதனுக்குப் பதற்றம். “லூசி ஆன்டி! ஆணையத்திலேருந்து மேடம் வந்திருக்காங்க! கதவைத் திறங்க!”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ரபேலின் குறட்டை ஒரு கணம் நின்று மறுபடி தொடர்ந்தது. பிறகு லூசியின் குரல் வந்தது, தூக்கம் கலையாத, பேரம் பேசாத, அதட்டலான குரல்.

“யாரா இருந்தாலும் அப்புறமா வரச் சொல்லுங்க. இவரு இன்னும் தூங்குறாரு.”